407இன் சொந்த ஊர்

மன்னார் பஸ் நிலையத்துக் கடையில் சொக்லேட் பால் பக்கற் ஒன்றை வாங்கிப் பின்பக்கம் திருப்பினால், பால், சீனி, கொக்கோத்தூள் எல்லாம் முடிந்தபிறகு பொடி எழுத்தில் 'நிலைப்படுத்தி' என்றொரு சொல் வரும். பக்கத்தில் ஓர் எண்: 407. சில உற்பத்தியாளர்கள் அதற்கு முன்னால் 'ஈ' போடுவார்கள், சிலர் 'ஐஎன்எஸ்' என்பார்கள். என் மச்சான் ஒருவருக்கு இந்தப் பால் உள்ளே போய் இரண்டு மணித்தியாலத்தில் வயிறு மத்தளமாகிவிடும். பிறகு குத்து, அதன்பிறகு ஓட்டம். ஒருநாள் பக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டே தொலைபேசியில் தேடி, குற்றவாளி 407தான் என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்.

"என்னவோ இரசாயனமாம். குடலைப் புண்ணாக்குமாம்."

"மச்சான், அது எங்கட கடலில முளைக்கிற சாமான்" என்றேன். அவர் நம்பவில்லை.

407 என்பது கராஜீனன். சிவப்புக் கடற்பாசிகளின் உடலில் இருக்கும் பசை. அயர்லாந்துக் கரையில் பாறையில் ஒட்டி வளரும் பாசியொன்றைப் பாலில் காய்ச்சிக் கூழாக்கிக் குடித்தார்கள்; பெயர் அங்கிருந்து வந்தது. இன்று உலகுக்குத் தேவையான கராஜீனனில் பெரும்பங்கு கப்பாபைக்கஸ் என்ற பாசியிலிருந்து கிடைக்கிறது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாப் பக்கத்துப் பாசி அது. தமிழ்நாட்டின் மண்டபம் என்ற ஊரில் இந்திய அரசின் உப்பு, கடல் இரசாயன ஆய்வு நிறுவனம் 1990களில் அதை வளர்த்துப் பார்த்தது. 2000க்குப் பிறகு பெப்சி நிறுவனம் அங்கே வணிகமாகத் தொடங்கியதால் இராமேஸ்வரம் கரையில் அதற்குப் 'பெப்சிப் பாசி' என்றே பெயர். குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் அது படர்ந்து மூடுவதாக 2008இல் ஆய்வாளர்கள் எச்சரித்தது தனிக் கதை. யுத்தம் முடிந்தபின் இலங்கைப் பக்கமும் அந்தப் பாசி வந்துவிட்டது. பூநகரி வலைப்பாட்டில் பெண்கள் கயிற்றில் துண்டு துண்டாகக் கட்டிக் கடலில் விடுகிறார்கள். ஏறத்தாழ 45 நாளில் அறுவடை. காய்ந்த பாசி தொழிற்சாலைக்குப் போய், காரநீரில் வெந்து, வடிகட்டப்பட்டு, மாவாகி, எண் ஒன்றைப் பெற்றுக்கொண்டு பால் பக்கற்றுக்குள் திரும்பி வருகிறது.

அதற்கு அயல்வீட்டார் ஏழு பேர். 400 முதல் 405 வரை ஆல்ஜினேற் குடும்பம். மண்ணிறப் பாசிகளிலிருந்து வருவது. இராமநாதபுரக் கரையில் கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று சொல்வது அவற்றைத்தான். 406 அகர், மரிக்கொழுந்துப் பாசியிலும் கஞ்சிப்பாசியிலும் இருப்பது. கஞ்சிப்பாசிக்கு விளக்கம் தேவையில்லை, கரையோர ஏழைகள் அதைக் காய்ச்சிக் குடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் அதே வகைப் பாசிக்கு 'சிலோன் மொஸ்' என்று பெயரிட்டு நோயாளிகளுக்குப் பத்தியமாகக் கொடுத்தார்கள். எம். துரைரத்தினம் என்ற கடலியலாளர் 1961இல் இலங்கையின் கடற்பாசிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். மன்னாரின் எருக்கலம்பிட்டியிலோ மூர்வீதியிலோ நோன்பு திறக்கிற நேரத்தில் போனால், பாலும் சீனியும் கலந்து தட்டில் ஊற்றி இறுகவிட்ட 'கடற்பாசி' கட்டாயம் இருக்கும். அதை இறுக்குவது முழுக்க முழுக்க 406. கிண்ணம் கிண்ணமாக அதை உண்டவர் யாரும் எண்ணைச் சொல்லி முறையிட்டதில்லை. எண் தெரியாததும் ஒரு காரணம்.

அப்படியானால் 407மீது இவ்வளவு கோபம் ஏன்? அதற்கும் ஆதாரம் இருக்கிறது.

முதலில் அது பாலில் செய்யும் வேலையைப் பார்ப்போம். கொக்கோத்தூள் பாலைவிடக் கனமானது, சும்மா விட்டால் அடியில் வண்டலாகும். கராஜீனன் இழைகள் பால் புரதத்தோடு கைகோத்துக் கண்ணுக்குத் தெரியாத வலையொன்றைப் பின்னுகின்றன. ஒவ்வொரு கொக்கோத் துகளும் அந்த வலையில் சிக்கி நடுவிலேயே நிற்கும். இதற்கு வேண்டியது நூற்றுக்கு 0.03 பங்குதான். 200 மில்லிலீற்றர் பக்கற் ஒன்றில் சுமார் 60 மில்லிகிராம்: ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு.

இனி அந்தக் கோபத்துக்கான ஆதாரம். 1969இல் இங்கிலாந்தின் மார்க்கஸ், வாட் என்ற இருவர் கராஜீனன் கரைத்த தண்ணீரைக் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்தார்கள். பெருங்குடலெங்கும் புண். ஆனால் அவர்கள் கொடுத்தது அமிலத்தில் காய்ச்சிச் சிதைத்த கராஜீனன். பாசியில் இருக்கும் கராஜீனன் மிக நீண்ட சங்கிலி. பலமான அமிலத்தில் 90 பாகை செல்சியஸ் அளவில் வேகவைத்தால் சின்னச் சின்னத் துண்டாகிவிடும். துண்டானது பசையாவதில்லை, பாலுக்கு உதவாது. அதற்குத் தனிப்பெயரும் உண்டு: பொலிஜீனன். பிரான்சில் ஒரு காலத்தில் இதையே இரைப்பைப் புண்ணுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். 1983இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை துண்டான வகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற பட்டியலில் வைத்தது. முழுச் சங்கிலியை வைக்கவில்லை. மச்சான் தொலைபேசியில் படித்ததில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக்கியதால் வந்தது.

மீதிப் பாதியைத் தள்ளிவிட முடியாது. சிக்காகோவில் ஜோஆன் டொபாக்மன் என்ற மருத்துவ ஆய்வாளர், முழுச் சங்கிலியும் குடலில் அழற்சியைத் தூண்டும் என்று இருபது வருடத்துக்கு மேலாக வாதிடுகிறார். 2017இல் அவரது குழு, பெருங்குடல் புண்நோய் அடங்கியிருந்த 12 பேரைக் கராஜீனன் இல்லாத உணவில் வைத்து, சிலருக்கு அதைக் குளிகையாகவும் மற்றவர்களுக்கு வெறுங்குளிகையும் கொடுத்தது. கராஜீனன் எடுத்த ஐவரில் மூவருக்கு நோய் திரும்பியது, மற்ற ஏழு பேரில் ஒருவருக்கும் இல்லை. 12 பேரை வைத்து உலகச் சட்டத்தை மாற்ற முடியாது; அலட்சியம் செய்யவும் மனம் வராது. 2024இல் ஜேர்மனிய ஆய்வொன்றில் 20 ஆரோக்கியமான இளைஞர்கள் இரண்டு கிழமை நாளுக்கு 500 மில்லிகிராம் எடுத்தார்கள். குடற்சுவரின் கசிவு சற்றுக் கூடியது. நம் பக்கற் கணக்கில் அது நாளுக்கு எட்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 75 மில்லிகிராம் என்று எல்லை வகுத்து, அது தற்காலிகமானது, மேலும் தரவு வேண்டும் என்றும் எழுதிவைத்தது. 60 கிலோ மனிதர் அந்த எல்லையைத் தொட 75 பக்கற் குடிக்கவேண்டும்.

இங்கே ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன புண்ணும் கசிவும் அழற்சி நோய்களின் பேச்சு. மச்சானுக்கு வைத்தியர் சொன்னது வேறு: எரிச்சல் குடல் கோளாறு, சுருக்கமாக ஐபிஎஸ். அதில் குடலைத் திறந்து பார்த்தால் புண் இருக்காது, இரத்தப் பரிசோதனை சுத்தமாக இருக்கும், ஆனால் வலி உண்மையானது. உரோம் அளவுகோல் என்ற சர்வதேச வரையறையின்படி, மூன்று மாதமாகக் கிழமைக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி, அதோடு மலம் கழிக்கும்போது வலி கூடுவது அல்லது குறைவது, போகும் தடவை மாறுவது, மலத்தின் இறுக்கம் மாறுவது என்பவற்றில் இரண்டு இருக்கவேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது ஷமன் ராஜிந்திரஜித்தும் நிரங்கா தேவநாராயணவும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், இது நம் பிள்ளைகளிடமும் பரவலாக இருப்பதைக் காட்டியவர்கள். 'பள்ளிக்குப் போகக் கள்ள வயிற்றுக்குத்து' என்று நாம் அதட்டியதில் எத்தனை இது என்று யாருக்குத் தெரியும்.

புண்ணில்லாமல் வலி எப்படி? பிரித்தானியாவின் நொட்டிங்ஹாமில் 2017இல் வெளிவந்த ஆய்வு இதற்கு அழகான விடை தந்தது. ஐபிஎஸ் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் குடலில் வாயு உண்டாக்கும் இனூலின் என்ற நார்ச்சத்தைக் கொடுத்து, எம்ஆர்ஐயில் பெருங்குடலைப் படம் பிடித்தார்கள். இரு சாராருக்கும் வாயு ஏறத்தாழ ஒரே அளவு, குடல் வீங்கியதும் ஒரே அளவு. ஒரு சாரார் சும்மா இருந்தார்கள், மற்றவர்கள் துடித்தார்கள். அதே காற்று, அதே பலூன். நரம்பு மட்டும் வேறு மாதிரிக் கேட்கிறது.

ஆகவே நாம் தேடவேண்டியது குடலைப் புண்ணாக்கும் பொருளை அல்ல. குடலில் தண்ணீரை இழுக்கிற, அல்லது பக்டீரியா புளிக்கவைத்துக் காற்றாக்குகிற பொருளை. இப்படி வைத்துக்கொண்டு மச்சானின் பால் பக்கற்றை மறுபடி பார்த்தால், எழுத்துப் பெரியதாக முதல் வரியிலேயே ஒரு சந்தேகநபர் நிற்கிறார். பால்.

200 மில்லிலீற்றர் பாலில் லக்ரோஸ் என்ற பாற்சீனி ஒன்பது கிராம் அளவில் இருக்கும். 60 மில்லிகிராம் கராஜீனனைப்போல 150 மடங்கு. பாற்சீனியைச் செரிக்கும் நொதி நமக்குக் குழந்தைப் பருவத்தில் தாராளமாக இருக்கும், வளர வளரக் குறையும். 1977இல் செனவிரத்ன, தம்பிப்பிள்ளை, பெரேரா மூவரும் வெளியிட்ட இலங்கை ஆய்வில் நால்வரில் மூவர் அளவுக்கு அந்த நொதி போதாமல் இருந்தது. பலருக்கு அதனால் தொல்லை இல்லை. ஐபிஎஸ் நரம்புள்ளவருக்குத் தொல்லை. மச்சான் நாளுக்கு நாலு தரம் பால்மாத் தேத்தண்ணி குடிப்பவர். அது பழகிய சாமான், வீட்டுச் சாமான். சந்தேகம் எப்போதும் ஊருக்குப் புதியவர்மேல்தான் விழும்.

நேரமும் ஏமாற்றும். பாற்சீனி சிறுகுடல் தாண்டிப் பெருங்குடலை எட்டிப் புளிக்கச் சில மணித்தியாலமாகலாம். காலைப் பாணும் பத்துமணித் தேத்தண்ணியும் சேர்ந்து செய்த வேலைக்கு மத்தியானம் கடைசியாகத் தொட்ட ஐஸ்கிறீம் அடி வாங்கும்.

இன்னொன்று இருக்கிறது, சொன்னால் நோயாளிகளுக்குக் கோபம் வரும். 2018இல் வெளியான நோர்வே ஆய்வில், கோதுமையின் குளூட்டன் தங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நம்பிய 59 பேருக்கு ஒரே உருவில், ஒரே ருசியில் மூன்று வகைப் பலகாரம் மாறி மாறிக் கொடுத்தார்கள். ஒன்றில் குளூட்டன், ஒன்றில் ஃபிரக்டன் என்ற நார்ச்சத்து, ஒன்றில் எதுவும் இல்லை. எது எப்போது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, உண்டவருக்கும் தெரியாது. மிக மோசமான வயிற்றுத்தொல்லை 13 பேருக்குக் குளூட்டனில் வந்தது, 24 பேருக்கு ஃபிரக்டனில். மீதி 22 பேருக்கு எதுவும் இல்லாத பலகாரத்தில்! அவர்கள் நடித்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பயத்தோடு காத்திருக்கும் குடல் சாதாரண அசைவையும் வலியாகக் கேட்கும். மூளைக்கும் குடலுக்கும் இடையே அந்த அளவுக்குக் கம்பி இழுத்திருக்கிறது. அஜினமோட்டோ என்று நாம் அழைக்கும் 621க்கும் இதே கதைதான். 1908இல் இக்கேடா என்ற ஜப்பானியர் கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்த சுவை அது. 1968இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வந்த ஒரு கடிதத்தோடு கெட்ட பெயர் எடுத்தது. கண்ணைக் கட்டிச் செய்த சோதனைகளில் அந்தக் குற்றச்சாட்டு நிலைத்து நிற்கவில்லை.

எல்லா எண்ணும் நிரபராதி என்று இதற்கு அர்த்தமில்லை. என் பார்வையில் ஐபிஎஸ்காரர் உண்மையாகவே பயப்படவேண்டிய எண்கள் 420, 421, 953, 965, 967. சீனி இல்லாத டொபி, சூயிங்கம், நீரிழிவுக்காரருக்கென்று விற்கும் பிஸ்கற், சில பாணி மருந்துகள் ஆகியவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் சீனி மதுசாரங்கள். குடல் இவற்றை அரைகுறையாகத்தான் உறிஞ்சும். மிச்சம் தண்ணீரை இழுத்துக்கொண்டு இறங்கும். 2008இல் பெர்லின் வைத்தியர்கள் எழுதிய இரண்டு நோயாளிகளின் கதை பிரபலம். 21 வயதுப் பெண்ணுக்கு மாதக்கணக்கில் வயிற்றோட்டம், 11 கிலோ இறங்கிவிட்டது. 46 வயது ஆணுக்கு 22 கிலோ. ஸ்கானும் கமெராவும் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் சாப்பாட்டுப் பழக்கத்தைக் கேட்டால், இருவரும் நாள் முழுக்க சீனியில்லாச் சூயிங்கம் மெல்பவர்கள். நாளுக்கு 20, 30 கிராம் சோர்பிட்டோல், அதாவது 420. நிறுத்தினார்கள், நின்றது.

421 மனிற்றோல். பெயரைக் கேட்டு மன்னாருக்குச் சொந்தம் என்று நினைக்கவேண்டாம். ஐரோப்பிய மரமொன்றின் இனிப்புப் பிசினான 'மன்னா'விலிருந்து வந்த பெயர். ஆனாலும் சொந்தம் இல்லாமலும் இல்லை. மண்ணிறக் கடற்பாசிகள் சூரிய ஒளியில் சமைத்துச் சேமிக்கும் இனிப்பு மனிற்றோல்தான். பேசாலைக் கரையில் ஒதுங்கும் கட்டக்கோரைக்குள்ளும் 421 இருக்கிறது.

466க்கும் ஒரு நடுத்தர இடம் கொடுப்பேன். காபொக்சிமெதைல் செலுலோஸ், ஐஸ்கிறீமிலும் பெட்டியில் வரும் தேங்காய்ப்பாலிலும் காணலாம். 2015இல் எலிகளில் அது குடலின் சளிப்படலத்தை மெலியவைத்தது. பிறகு 16 மனிதர்களை ஆய்வு நிலையத்திலேயே தங்கவைத்து, ஒரு பகுதியினருக்கு 11 நாள் நாளுக்கு 15 கிராம் கொடுத்தார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் வயிற்று அசௌகரியம் சற்றுக் கூடியது, பக்டீரியாக்களின் வகைகள் குறைந்தன. 15 கிராம் என்பது சாதாரணமாக ஒருவர் உண்பதைவிட மிக அதிகம். தேங்காயைத் துருவிப் பிழிகிற வீட்டில் இந்த விவாதமே தேவையில்லை.

எண்ணே இல்லாத ஆளைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நொட்டிங்ஹாம் ஆய்வில் காற்றை உண்டாக்கிய இனூலின், சிக்கரிக் கிழங்கிலிருந்து எடுக்கப்பட்டு 'நார்ச்சத்து நிறைந்தது' என்ற பெருமையோடு பிஸ்கற்றிலும் பால்மாவிலும் சேர்க்கப்படுகிறது. சட்டப்படி அது சேர்மானம், சேர்க்கையல்ல. அதனால் எண் கிடையாது. நோர்வேக்காரரின் ஃபிரக்டனும் இதே குடும்பம். உள்ளியிலும் வெங்காயத்திலும் கோதுமை மாவிலும் தாராளமாக இருக்கிறது. பாணும் கட்டச்சம்பலும் உண்பவர் எண்களை மட்டும் தேடிக்கொண்டிருந்தால் விடிய விடியத் தேடவேண்டியதுதான்.

கடற்பாசிக்குத் திரும்பவேண்டும், ஏனென்றால் அதில் ஒரு பெரிய அதிசயம் மிச்சமிருக்கிறது. மனித உடலில் பாசிப்பசையை அறுக்கும் நொதி கிடையாது. 2010இல் பிரான்சின் ரொஸ்கொவ் கடலாய்வு நிலையத்தார், நோரிப் பாசியை அறுக்கும் நொதியொன்றைக் கடல் பக்டீரியாவில் கண்டுபிடித்தார்கள். அதன் மரபணு வேறெங்கே இருக்கிறது என்று தேடினால், ஜப்பானியரின் குடலில் வாழும் பக்டீரியாவில் அகப்பட்டது. வட அமெரிக்கரின் குடலில் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பாசியைப் பச்சையாக உண்டபோது, அதில் ஒட்டியிருந்த கடல் பக்டீரியா தன் மரபணுவைக் குடல் பக்டீரியாவுக்குக் கைமாற்றிவிட்டது. கஞ்சிப்பாசி குடித்த கரையோரத்தாரின் குடலிலும் யாராவது ஒருநாள் தேடிப் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. 401 எண் கொண்ட சோடியம் ஆல்ஜினேற் நெஞ்செரிச்சலுக்கு மருந்தாக மருந்துக்கடையிலேயே விற்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன். கொத்தவரை விதையின் பசையான 412இன் பாதி செரித்த வடிவத்தையும் இசப்கோல் உமியையும் ஐபிஎஸ்காரருக்கே கொடுக்கிறார்கள்.

மச்சானோடு பேசி ஒரு வழி செய்தோம். அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார் 2005 முதல் வளர்த்தெடுத்த முறையின் எளிய வடிவம்தான்: சந்தேகப்பட்டதை நிறுத்து, வயிறு அமைதியாகட்டும், பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடு. மூன்று கிழமை பால், பால்மா எல்லாம் நிறுத்திப் பிளேன் ரீ. பொருமல் இறங்கியது. நாலாம் கிழமை 407 போட்ட, பால் கலக்காத ஜெலிக் கிண்ணங்கள், மூன்று நாள் தொடர்ந்து. ஒன்றும் நடக்கவில்லை. நாலு நாள் இடைவெளி விட்டு, எந்த எண்ணும் இல்லாத, வீட்டுக்கு வந்த பசும்பால் ஒரு கிளாஸ். ஒரு மணித்தியாலத்தில் மத்தளம். ஒரே ஆள், என்ன உண்கிறார் என்று தெரிந்தே உண்டவர். விஞ்ஞானச் சபையில் இது செல்லாது. அவருடைய சமையலறையில் செல்லும். இப்போது அவர் பால்மாவை ஒரு வேளையாகக் குறைத்துக்கொண்டு, தயிரைத் தாராளமாகச் சாப்பிடுகிறார். தயிரில் பாற்சீனியின் ஒரு பகுதியைப் பக்டீரியா ஏற்கெனவே தின்றுவிடும்.

நீங்களும் செய்து பார்ப்பதானால் ஒரு கொப்பி வையுங்கள். உண்டது, நேரம், வயிறு சொன்னது மூன்றையும் எழுதுங்கள்; லேபலை வெட்டி ஒட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பத்துப் பொருளை ஒன்றாக நிறுத்தினால் எது என்று தெரியாமல் பத்தையும் ஆயுள் முழுக்க இழப்பீர்கள். பிள்ளைகள், கர்ப்பிணிகள், மெலிந்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எதையும் நிறுத்தவேண்டாம். மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, காரணமின்றி நிறை குறைந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, வயிற்றுவலி நித்திரையிலிருந்து எழுப்பினாலோ, ஐம்பது வயதுக்குமேல் இது புதிதாகத் தொடங்கினாலோ கொப்பியை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.